அவர்களுக்கு அறம், எங்களுக்கு அரம்

ஒரு மேல்நிலைப் பள்ளியின் வராந்தாவில் வைக்கப்பட்டிருந்த கரும்பலகையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளியில் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து வைப்பார்கள். தலைப்பில் ஒரு சிலுவை. அதன் கீழே, 'இப்பள்ளியில் உள்ள பாடப்பிரிவுகள்'. முதல் வரி கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். இரண்டாம் வரியில் உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல். மூன்றாவது தாவரவியல், விலங்கியலோடு கூடிய ப்யூர் சயின்ஸ். நான்காவது வணிகவியலும் கணக்குப் பதிவியலும். ஐந்தாவது வரலாறு. பிறகு சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'தொழிற்கல்வி' என்று எழுதி, ஜெனரல் மெஷினிஸ்ட், மோட்டார் ரீவைண்டிங்.

எங்கள் ஊரை வரைந்து காட்டச் சொன்னால் நான் அந்தப் பலகையைத்தான் காட்டுவேன். மேலே கோயில் தெரு, அதற்கடுத்து ரெட்டியார் தெரு, கடைத்தெரு, குடியானத் தெரு. பிறகு ஒரு ஓடை. ஓடைக்கு அந்தாண்ட நாங்கள். யாரும் திட்டம் போட்டு அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் சாதி என்பது திட்டம் போட்டுத்தான் வேலை செய்யும் என்று யார் சொன்னது? கை பழகிப்போனால் கோடு தானாக விழும்.

2006இல் நான் பத்தாவது பாஸ் செய்தேன். ஐந்நூறுக்கு 407. கணக்கில் 91. எங்கள் சேரியில் அதுவரைக்கும் யாரும் நானூறைத் தாண்டியதில்லை. நைனா என்னைக் கூட்டிக்கொண்டு பங்குச்சாமியிடம் போய்க் கடிதம் வாங்கிக்கொண்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம். தலைமை ஆசிரியராக இருந்ததும் ஒரு சாமியார்தான். நல்லவர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் எங்களை உட்காரச் சொன்னார். ஊரில் எந்த நாற்காலியிலும் உட்கார்ந்து பழகாத நைனா அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"என்ன குரூப் வேணும்?" என்று கேட்டார்.

"ஃபர்ஸ்ட் குரூப் சாமி" என்று நான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்துப் பேசினார். "கணக்கு, பிசிக்ஸ் எல்லாம் டியூஷன் வெச்சாத்தாம்பா முடியும். உன்னால கட்ட முடியுமா? நம்ம கோயில் புள்ள, பெயிலாப் போனா எனக்குத்தான் கஷ்டமா இருக்கும். மெஷினிஸ்ட் சேர்த்து விடு. ரெண்டு வருசத்துல கையில ஒரு தொழில் இருக்கும். நானே எங்கயாவது கம்பெனியில சொல்லி விடறேன்."

நைனா எழுந்து நின்று கும்பிட்டார். "நீங்க சொன்னா சரிங்க சாமி. புள்ளைய ஒங்ககிட்ட ஒப்படைச்சிட்டேன்."

முடிந்தது. திட்டவில்லை, அடிக்கவில்லை, 'நீ இன்ன சாதி' என்று ஒரு வார்த்தை வரவில்லை. வெளியே வரும்போது நைனாவுக்குச் சந்தோஷம். சாமி உட்காரச் சொல்லிப் பேசினார் என்பதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அதே பத்தாம் வகுப்பில் என்னோடு படித்து என்னைவிட இருபத்தெட்டு மார்க் குறைவாக வாங்கிய ஒருத்தன் ஃபர்ஸ்ட் குரூப்பில் உட்கார்ந்திருந்ததை நான் ஜூன் மாதம்தான் பார்த்தேன். அவனுடைய சித்தப்பா வேறொரு பங்கில் சாமியாராக இருந்தார். அவனுடைய நைனாவுக்கு டியூஷன் கட்ட முடியுமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் தொழிற்கல்வி வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தொரு பேர் சேரிப் பிள்ளைகள். மிச்சம் ஏழு பேரில் நான்கு பேர் மீனவர் குடும்பம், மூன்று பேர் அப்பன் இல்லாதவர்கள். கிறித்தவர், இந்து என்ற வித்தியாசமெல்லாம் அந்த வகுப்பில் இல்லை. சமத்துவம் என்றால் என்ன என்று அங்கேதான் பார்த்தேன்!

*

அந்தப் பட்டறையில் ஒரு லேத் இருந்தது. வெளிநாட்டு நன்கொடையில் வந்தது என்று பித்தளைத் தகடு அடித்து வைத்திருந்தார்கள். தகடு பளபளவென்று இருக்கும். லேத் ஓடாது. ஆகவே இரண்டு வருசமும் எங்கள் கையில் அரம். ஒரு சதுர இரும்புத் துண்டைக் கொடுத்து ராவச் சொல்வார்கள். ராவுவோம். மட்டம் வைத்துப் பார்த்து, 'வெளிச்சம் தெரியுது, இன்னும் ராவு' என்பார்கள். மறுபடியும் ராவுவோம். பக்கத்துக் கட்டடத்தின் மாடியில் ஃபர்ஸ்ட் குரூப் பிள்ளைகள் கால்குலஸ் போடுகிற சத்தம் கேட்கும். அந்தப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பீரியட் நீதிபோதனை உண்டு. அறம் என்றால் என்ன, பிறர் அன்பு என்றால் என்ன என்று சொல்லித் தருவார்கள். அறம் மாடியிலும் அரம் கீழேயும் இருந்தது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு ரகர றகர வேறுபாட்டைத் தொல்காப்பியம் கற்றுத் தரவில்லை. அந்தப் பட்டறைதான் கற்றுத் தந்தது.

இதில் ஒரு கொடுமையான தற்செயலும் உண்டு. தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வைத் தமிழக அரசு ஒழித்துச் சட்டம் செய்தது நான் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்த அந்தக் கல்வியாண்டில்தான். 2007 முதல் ப்ளஸ் டூ மார்க் இருந்தால் போதும், கிராமத்துப் பிள்ளையும் இன்ஜினியரிங் கேட்கலாம், டாக்டருக்குக் கேட்கலாம் என்ற நிலை வந்தது. கதவைத் திறந்தார்கள். ஆனால் கதவுக்குப் போகிற வழி அந்தப் பலகையின் முதல் மூன்று வரிகளில் இருந்தது. நாங்கள் கோட்டுக்குக் கீழே இருந்தோம். தொழிற்கல்வி படித்தவர்களுக்கும் இன்ஜினியரிங்கில் ஒரு சிறிய தனி ஒதுக்கீடு உண்டு என்பதையே ப்ளஸ் டூ முடித்து மூன்று வருசம் கழித்து ஒரு சலூன் கடையில் கிடந்த பழைய பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டேன். 'கம்பெனியில சொல்லி விடறேன்' என்ற சாமி அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார்.

நான் பி.ஏ. தமிழுக்குப் போனேன். தமிழ் படித்ததற்கு நான் வருத்தப்படவில்லை. இந்த வரிகளை எழுதுகிற எழுத்து அங்கிருந்துதான் வந்தது. ஆனால் தமிழை நான் விரும்பித் தேர்ந்தெடுத்தேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். மற்ற கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு, திறந்திருந்த ஒன்றின் வழியே போனவனைப் பார்த்து 'உனக்கு இதில் ஆர்வம்' என்று சொல்வது என்ன நியாயம்?

தங்கச்சிக்கு இது நடந்தது கன்னியர் மடத்துப் பள்ளியில். அங்கே கோட்டுக்குக் கீழே நர்சிங்கும் தையலும். "பொம்பளப் புள்ளைக்குப் பாதுகாப்பா இருக்கும்" என்று சிஸ்டர் சொன்னார். அவள் அம்மாவிடம் திரும்பிக் கேட்டாள்: "டாக்டருக்குப் படிச்சா மட்டும் பாதுகாப்பு இல்லையாம்மா?" அம்மா அவள் வாயில் ஒன்று போட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரைக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

*

'மார்க் அடிப்படையில்தான் குரூப் கொடுக்கிறோம், சாதி எங்கே வந்தது?' என்று நிர்வாகத்தார் கேட்பார்கள். என் கதையில் மார்க் எவ்வளவு மதிக்கப்பட்டது என்பது ஒருபுறம் இருக்கட்டும். மார்க் எங்கே தயாராகிறது என்று பார்ப்போம்.

இந்தப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலேயே பிரிவு பிரித்துவிடுகிறார்கள். ஏ பிரிவு ஆங்கில வழி, பணம் கட்டிப் படிக்கிற சுயநிதி. கடைசிப் பிரிவு தமிழ் வழி, அரசு உதவியில் நடப்பது. போர்டிங் பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கடைசிப் பிரிவில்தான். போர்டிங் பிள்ளைகள் என்றால் யார்? முக்கால்வாசி தலித் பிள்ளைகள். விடியற்காலம் எழுந்து கோயிலைப் பெருக்கி, தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, பூசை கண்டு, கஞ்சி குடித்துவிட்டு வகுப்புக்கு வருகிற பிள்ளை முதல் பீரியடில் தூங்கி விழாமல் என்ன செய்யும்? நல்ல கணக்கு வாத்தியாரை ஏ பிரிவுக்குப் போடுகிறார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகிற நேரத்தில் மற்ற பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்களுக்குப் பரலோகம், அவர்களுக்குப் பாலிடெக்னிக்கும் மெடிக்கலும்.

இப்படி ஐந்து வருசம் பிரித்து வைத்துவிட்டு ஆறாவது வருசம் 'மார்க் பேசட்டும்' என்கிறார்கள். மார்க் பேசும். பிரித்து வைத்தவன் சொல்லிக் கொடுத்ததைத்தான் பேசும்.

இதற்குப் பின்னால் 'ரிசல்ட்' என்ற பேயும் இருக்கிறது. மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017இல் நிறுத்தியது. ஆனால் பள்ளிக்கூட வாசலில் ஃபிளெக்ஸ் வைப்பதை யாரும் நிறுத்தவில்லை. நூறு சதம் தேர்ச்சி காட்ட வேண்டும். அதற்கு 'ரிஸ்க்'கான பிள்ளையை முதல் வரியில் வைக்கக்கூடாது. எந்தப் பிள்ளை ரிஸ்க்? வீட்டில் எழுத்து வாசனை இல்லாத பிள்ளை. வேதாகமத்தில் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, காணாமல் போன ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வைப்பார்கள். திங்கட்கிழமை அந்த ஒரு ஆட்டால் ரிசல்ட் கெட்டுவிடும் என்று பட்டறைக்கு ஓட்டிவிடுவார்கள்.

*

இது நேற்று முளைத்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மிஷன்களுக்குள் இரண்டு வழி இருந்தது. ஒரு வழி பட்டணத்துக் கல்லூரி. மேல்சாதிப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி கொடுத்தால் அறிவும் விசுவாசமும் மேலிருந்து கீழே வடியும் என்று நம்பினார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியை வளர்த்த வில்லியம் மில்லரிடமும் இந்த நம்பிக்கை இருந்தது. இன்னொரு வழி சேரியில் மரத்தடிப் பள்ளி. அதற்கு மேலே போனால் 'இண்டஸ்ட்ரியல் ஸ்கூல்' என்ற பெயரில் தச்சும் நெசவும். மேலே ஊற்றியது கீழே வடியவில்லை. மேலேயே தேங்கி நின்றது.

வேறு மாதிரி செய்ய முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. சென்னையில் 1837இல் பள்ளி தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன், பறையர் பிள்ளைகளைச் சேர்த்ததற்காகச் சாதி இந்துப் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியேறியபோது, சேர்த்தவர்களை நீக்க மறுத்தார். பள்ளி காலியானாலும் பரவாயில்லை என்று நின்றார். 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் பள்ளி தொடங்கியபோது அதற்குப் பின்னால் அயோத்திதாசப் பண்டிதர் இருந்தார். ஆகவே 'அந்தக் காலம் அப்படி' என்ற சாக்கு செல்லாது. அந்தக் காலத்திலும் கோட்டை அழித்தவர்கள் இருந்தார்கள்.

1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது ஒழிந்தது. அந்தப் போராட்டத்தை நாம் இன்றும் பெருமையோடு பேசுகிறோம், பேச வேண்டும். 1978இல் இங்கே ப்ளஸ் டூ முறை வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. படிப்புக்கும் வேலைக்கும் பாலம் போடுவது என்பது கோத்தாரிக் குழுவின் காலத்திலிருந்தே பேசப்பட்ட நல்ல நோக்கம்தான். ஆனால் சாதி இருக்கிற நாட்டில் பாலம் போட்டால், யாரை எந்தக் கரைக்கு அனுப்புவது என்பதையும் சாதிதான் தீர்மானிக்கிறது. ராஜாஜி திட்டம் போட்டுச் செய்யப் பார்த்ததை, ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து அன்பாகச் செய்து முடித்துவிட்டார்கள்.

'அப்படியானால் கைத்தொழில் கேவலமா?' என்று உடனே கேட்பார்கள். கைத்தொழிலைப் பற்றி எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டாம். இந்த மண்ணில் ஏர் ஓட்டியதும் தோல் பதப்படுத்தியதும் பறை கட்டியதும் எங்கள் கை. உழைப்பு உயர்ந்தது என்று நிஜமாகவே நம்பினால், தாளாளருடைய அண்ணன் மகனை அந்தப் பட்டறையில் உட்கார வையுங்கள். லேத்தை ஓட விடுங்கள். மெஷின் படிப்பவனுக்கும் கால்குலஸ் சொல்லிக் கொடுங்கள், கால்குலஸ் படிப்பவன் கையிலும் அரத்தைக் கொடுங்கள். அன்றைக்கு நான் தொழிற்கல்வியைக் கொண்டாடுகிறேன்.

*

இன்றைக்கு நிலைமை என்ன? நான் படித்த பள்ளியில் ஜெனரல் மெஷினிஸ்ட் இப்போது இல்லை. லேத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், பித்தளைத் தகடு என்னவாயிற்றோ. கோடு மட்டும் இடம் மாறியிருக்கிறது. இப்போது ஃபர்ஸ்ட் குரூப் ஆங்கில வழியில், சுயநிதியில். தமிழ் வழியில் மிஞ்சியிருப்பது காமர்சும் ஹிஸ்டரியும். முன்பு சாமி வாயால் சொன்னதை இப்போது ஃபீஸ் ரசீது சொல்கிறது.

தலித் கிறித்தவப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதி இல்லை என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறித்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆணையமும் தீர்மானமும் வந்துகொண்டே இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், எங்களைச் சேரிக்குள் தள்ளிய சாதிகளோடு ஒரே வரிசையில் நின்று போட்டி போடுகிறார்கள்.

2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டு அது இன்ஜினியரிங் முதலானவற்றுக்கும் விரிந்தது. அருமையான சட்டம். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு அது கிடையாது. எங்கள் சேரிப் பிள்ளைகள் சாமியாரை நம்பிப் படிப்பது எங்கே? உதவி பெறும் பள்ளியில். சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தால் அந்த ஒதுக்கீடாவது இருந்திருக்கும். ஞானஸ்நானம் வாங்கியதால் பட்டியல் சாதி ஒதுக்கீடு போயிற்று. கோயில் பள்ளிக்கூடத்தில் படித்ததால் அரசுப் பள்ளி ஒதுக்கீடும் போயிற்று. இந்த இரட்டை இழப்பை ஈடு கட்ட வேண்டியது யார்? எங்களை அந்த இரண்டு இடத்துக்கும் கூப்பிட்டவர்கள் அல்லவா?

அவர்கள் கையில் அதற்கு அதிகாரமும் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமையைக் கொடுக்கிறது. 15(5)ஆம் பிரிவு இடஒதுக்கீட்டிலிருந்து சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்குத் தருகிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்தும் அவற்றை விலக்கியது. யாரைச் சேர்ப்பது, யாருக்கு எந்தக் குரூப் கொடுப்பது என்பதில் இவ்வளவு சுதந்திரம் இந்த நாட்டில் வேறு யாருக்கும் இல்லை. அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்பதுதான் என் கேள்வி.

சிறுபான்மை என்று சொல்லும்போது எண்ணிக் காட்டப்படுகிற தலைகள் யாருடையவை? இந்தியக் கத்தோலிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தலித்துகள் என்பதை ஆயர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கையில் எழுத்து மூலமாகவே ஒத்துக்கொண்டார்கள். அதற்கும் முன்னால் 2003 நவம்பரில், தம்மைச் சந்திக்க ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதி பாராட்டுவதைக் கண்டித்துப் பேசினார். தலை எண்ணும்போது நாங்கள், பெஞ்சு எண்ணும்போது அவர்கள் என்றால் அது சிறுபான்மை உரிமையா, மேல்சாதி உரிமையா?

*

'இதையெல்லாம் வெளியே எழுதலாமா? இந்துத்துவக்காரனுக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறாய்' என்று முற்போக்கு நண்பர்கள் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய பயத்தை நான் மதிக்கிறேன். 2002இல் இந்த மாநிலத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004இல் திரும்பப் பெறப்பட்டதை நான் மறக்கவில்லை. 2008இல் ஒரிசாவின் கந்தமாலில் வீடு வீடாகக் கொளுத்தினார்களே, அங்கே எரிந்த வீடுகளில் பெரும்பாலானவை யாருடையவை? தலித் கிறித்தவர்களான பாணோக்களுடையவை, ஆதிவாசிக் கிறித்தவர்களுடையவை. சிலுவைக்காக அடி வாங்கும்போது முதல் வரிசையில் நிற்பவர்கள் நாங்கள். அடி வாங்கும் வரிசையில் முதலிடம் கொடுத்துவிட்டு, அட்மிஷன் வரிசையில் கடைசி இடம் கொடுத்தால் நாங்கள் கேட்காமல் யார் கேட்பது?

மதம் மாறியவர்களைப் பார்த்து 'ஏமாந்தீர்கள், திரும்பி வாருங்கள்' என்று கூப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் பாட்டன் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாததால் சிலுவைக்கு வந்தானோ அந்தக் கிணறு உங்களுடையது. முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். எங்கள் வீட்டுச் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பேச உங்களை நாங்கள் கூப்பிடவில்லை.

நான் ப்ளஸ் டூ பரீட்சை எழுதிய 2008 மார்ச்சில்தான் உளுந்தூர்பேட்டைப் பக்கத்து எறையூரில் கலவரம் நடந்தது. தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஆதிக்க சாதிக் கிறித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. வீடுகள் நொறுக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. கல்லறையில் சுவர், கோயிலில் தனி வரிசை, தேர் எங்கள் தெருவுக்கு வராதது, இவற்றைப் பற்றியெல்லாம் நாம் நிறையப் போராடியிருக்கிறோம். இன்னும் போராட வேண்டும். ஆனால் கல்லறைச் சுவர் செத்த பிறகு பிரிப்பது. பதினைந்து வயதில் பிரிக்கிற சுவர் வராந்தாவில் சாக்பீஸில் இருக்கிறது. அதைத் தொட்டால் அழிந்துவிடும் என்பதாலேயே நாம் அதைச் சுவர் என்று நினைப்பதில்லை. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது, மடத்துப் பள்ளிகள் யாருக்காக நடக்கின்றன என்ற கேள்வி தமிழில் உரக்கக் கேட்கப்பட்டது. முப்பது வருசத்துக்கும் மேலாயிற்று. பாராட்டினோம், பாடத்தில் வைத்தோம், ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினோம். கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆகவே சில கோரிக்கைகளை வைக்கிறேன். இவற்றுக்கு டெல்லியில் சட்டம் வர வேண்டியதில்லை. ஆயர் ஒருவரின் கையெழுத்தும் தாளாளர் ஒருவரின் மனசும் போதும்.

ஒன்று. ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் மேல்நிலைப் பள்ளிகளில் எந்தக் குரூப்பில் எத்தனை தலித் பிள்ளைகள், எந்த வழியில், எவ்வளவு கட்டணத்தில் படிக்கிறார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். காணிக்கைக் கணக்கைக் கோயிலில் வாசிக்கிறீர்கள், இதையும் வாசியுங்கள்.

இரண்டு. பங்கில் எங்கள் எண்ணிக்கை எவ்வளவோ அந்த விகிதத்தில் அறிவியல் பிரிவு இடங்கள் எங்களுக்கு வேண்டும். சுயநிதிப் பிரிவாக இருந்தால் கட்டணத்தை மறைமாவட்டம் ஏற்க வேண்டும்.

மூன்று. ஆறாம் வகுப்பில் பிரிவு பிரிப்பதை நிறுத்த வேண்டும். நிறுத்தும்வரை நல்ல கணக்கு வாத்தியாரைக் கடைசிப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். போர்டிங் பிள்ளைகள் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான்கு. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையன்று, எந்தக் குரூப் படித்தால் எந்தெந்தப் படிப்புக்குப் போகலாம், எதற்குப் போக முடியாது என்பதைத் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் தமிழில், எழுத்தில் கொடுக்க வேண்டும். முடிவைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

ஐந்து. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் 7.5 விழுக்காட்டில் வழி செய்யும்படி அரசிடம் திருச்சபை போராட வேண்டும். ஆசிரியர் நியமன உரிமைக்கு ஆபத்து வந்தால் கோர்ட்டுக்கு ஓடுகிற கால்கள் இதற்கும் ஓடட்டும்.

நம் மாணவர் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ரிசல்ட் வந்த வாரத்தில் உங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். கொடி பிடிக்க வேண்டாம், கோஷம் போட வேண்டாம். சேர்க்கைக்கு வருகிற அப்பன் ஆத்தாவோடு கூடப் போய் உட்காருங்கள். அவர்கள் கும்பிடுவதற்கு முன்னால் நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள். அது போதும்.

போன வருசம் ஜூனில் நான் அப்படிப் போனேன். எங்கள் தெருப் பையன் ஒருத்தன், அவனுடைய அம்மாவோடு. அதே வராந்தா. கரும்பலகை போய் ஃபிளெக்ஸ் வந்திருந்தது. உள்ளே இருந்தவர் புதியவர், என்னைவிட இளையவர். அம்மாவைப் பார்த்து, "காமர்ஸ் எடுத்துக்கட்டுமே, ஈஸியா இருக்கும்" என்றார். நான் சொன்னேன்: "ஃபாதர், அவனக் கேளுங்க."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் பையன் பக்கம் திரும்பினார்.

"சொல்லுப்பா, என்ன வேணும்?"

"பயாலஜி" என்றான் அவன். சத்தமே வரவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னான்.

சேர்த்துக்கொண்டார்கள். பாதிக் கட்டணத்துக்குத் தவணையும் கொடுத்தார்கள். மிச்சப் பாதிக்கு அந்த அம்மா வாரக்கந்து வாங்கியிருக்கிறது. மாதா மாதம் நானும் கொஞ்சம் கொடுக்கிறேன். இதை வெற்றி என்று எழுத எனக்கு மனசில்லை. ஒரு பையனுக்கு ஒரு பெஞ்சு கிடைப்பதற்கு எம்.ஏ. படித்த ஒருத்தன் கூடப் போய் உட்கார வேண்டியிருக்கிறது என்றால், கூடப் போக ஆள் இல்லாத பிள்ளைகள் அன்றைக்கு எந்த வரிசையில் நின்றார்கள்? வெளியே வரும்போது பார்த்தேன். வராந்தாவில் இன்னும் பதினைந்து, இருபது பேர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் பங்குச்சாமியின் கடிதத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள்.